எங்கே தொடங்குவது? – 11: கடவுளிடம் சந்தா வாங்கியவர்

நிறைய எழுதிக் குவித்த ஒருவரைப் படிக்கலாம் என்று கிளம்பும் ஆர்வம், அவர் எழுதியவற்றின் பட்டியலைக் கண்டதும் பாதி வடிந்துவிடும். புதுமைப்பித்தன் விஷயத்தில் அது இன்னும் சீக்கிரமாக வடியும். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1933இல் அச்சில் தலைகாட்டி, 1948இல், 42 வயதில் காலமானார். அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நூறு கதைகள், கணிசமான மொழிபெயர்ப்புகள், கவிதைகள், சண்டைக் கட்டுரைகள், ஹிட்லரையும் முசோலினியையும் பற்றிய புத்தகங்கள், சினிமா வசனம் என்று எழுதித் தள்ளியிருக்கிறார். 2002இல் அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. அதனால் குரோம்பேட்டையில் ஒரு புத்தகக் கடைக்கோ நூலகத்துக்கோ போய்ப் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ என்று கேட்டால், கைக்கு வருவது எந்தப் பதிப்பு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முதல் கதை. அந்த முதல் கதையைப் படித்துவிட்டு, ‘இவரைத்தானா இவ்வளவு புகழ்ந்தார்கள்?’ என்று புத்தகத்தை மூடி வைக்கிறவர்கள் மேல் குற்றம் சொல்வதற்கில்லை.

வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனைகள் மூன்று. பாடப்புத்தகப் பழக்கம் உள்ளவர்கள் ‘பொன்னகரம்’ என்பார்கள். இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் ‘சாபவிமோசன’த்தைச் சொல்வார்கள். ஒழுங்கை விரும்புகிறவர்கள், ஆ. இரா. வேங்கடாசலபதி கால வரிசைப்படி பதிப்பித்துக் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்வார்கள். மூன்றுக்கும் நியாயம் உண்டு, மூன்றையும் நான் ஏற்கவில்லை. புதிதாக வருகிறவர் தொடங்க வேண்டிய கதை ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. அதிலிருந்து அவருடைய மற்ற வேடிக்கை மாயக் கதைகளுக்கும், அவற்றின் வழியாகக் கசப்பான கதைகளுக்கும் போக வேண்டும். சிரிக்க வைப்பதால் சுலபமாக இருக்கும் என்பது இதற்கு ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். புதுமைப்பித்தனின் மிகக் கறாரான கதைகளை எந்தக் காதால் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கதைதான் கற்றுக் கொடுக்கிறது என்பதே முக்கியம்.

கதை தொடங்கும் இடம் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனை. தாம்பரத்து வாசகருக்கு பிராட்வே என்பது 21ஜி பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த பெயர். அந்த ஊர்க்கோடியில் மேலகரம் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டு ஒரு கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் எவ்வளவு ஆகும், மிச்சத்தில் வெற்றிலை வாங்கலாமா, பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரின் கண்ணில் படாமல் கொஞ்ச தூரம் கடந்துவிட்டு டிக்கெட் வாங்கினால் அரைக் கோப்பை காப்பிக்கு வழி உண்டா, அப்படியானால் வெற்றிலையை விட வேண்டியிருக்குமா என்று போகிறது கணக்கு. இந்த இடத்தில்தான் கடவுள் பிரசன்னமாகித் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பக்தி இலக்கியத்தில் கடவுள் வருகிற சமயங்கள் நமக்குத் தெரியும். துன்பத்தின் உச்சியில் வருவார், தவத்தின் முடிவில் வருவார். இங்கே காலணாக் கணக்கின் நடுவில் வந்து நிற்கிறார். அவர் வந்ததால் கணக்கு நிற்கவில்லை என்பதுதான் கதை. பிள்ளைக்கு ஆச்சரியம் கிடையாது. தனக்குக் கிடைத்திருப்பவர் காப்பிக்குக் காசு கொடுக்கக்கூடிய ஓர் ஆசாமி என்பதுதான் அவருடைய முதல் மதிப்பீடு. ஹோட்டலில் காப்பியின் ருசிக்குத் தம் லீலைதான் காரணம் என்று கடவுள் பெருமைப்படப் பார்க்கும்போது, அது ஹோட்டல்காரன் கலந்த சிக்கரியின் வேலை என்று பிள்ளை திருத்துகிறார். பிள்ளை நடத்துவது சித்த வைத்தியப் பத்திரிகை. அதற்குக் கடவுளிடம் இருபத்தைந்து ரூபாய் ஆயுள் சந்தா கேட்கிறார். உடனே ஒரு நியாயமான சந்தேகம் எழுகிறது: ஆயுள் என்றால் யாருடைய ஆயுள், சந்தாதாரருடையதா, பத்திரிகையுடையதா? சாவில்லாதவரிடம் ஆயுள் சந்தா வாங்குவதில் உள்ள வில்லங்கத்தைத் தமிழில் வேறு யாராவது யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை. நலிந்துபோன சிறுபத்திரிகை ஒன்றின் கதியும் அதே கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கதைகளுக்குள் போய்ப் பாருங்கள். ‘பொன்னகரம்’ முடிவில் அம்மாளு சம்பாதிப்பது முக்கால் ரூபாய். அந்தத் தொகை துல்லியமாகச் சொல்லப்படுவதால்தான் கதை அறைகிறது. ‘ஒரு நாள் கழிந்தது’ முழுக்க ஓர் எழுத்தாளர் சில்லறைக் கடனுக்காகக் கழிக்கும் நாள். ‘மனித யந்திரம்’ கதையில் பல வருஷங்களாகக் கடைக் கணக்கு எழுதிவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஒருநாள் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடத் துணிந்து ரயில் வரைக்கும் போகிறார். பிறகு திரும்பி வந்து பணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, போன வகையில் செலவான சொற்பத் தொகையைத் தம் பேரில் பற்று எழுதுகிறார். ஒரு மனிதனின் ஒரே கலகம் பேரேட்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது கந்தசாமிப் பிள்ளையின் முடிவுக்கு வாருங்கள். பூமியில் குடித்தனம் நடத்த முடியாமல் கடவுள் மறைந்துவிடுகிறார். மேஜையில் சந்தாப் பணம் கிடக்கிறது. பிள்ளை அதைக் கைலாசபுரத்து ஒரு பரமசிவம் பிள்ளையின் பெயரில் வரவு வைக்கிறார். ஒரு கதையில் பற்று, இன்னொன்றில் வரவு. எழுதிய கை ஒன்று. மனித வாழ்க்கையின் எந்தப் பெரிய சம்பவமும், சாமி தரிசனம் உட்பட, இந்த ஊரில் கடைசியில் அணா பைசாவாகத்தான் பதிவாகும் என்பது புதுமைப்பித்தனின் அடிப்படைப் பார்வை. ‘மனித யந்திர’த்தில் இதை முதலில் சந்திக்கிறவர் அதை வறுமைச் சித்திரம் என்று நினைத்து நகர்ந்துவிடுவார். கடவுளையே வரவில் வைத்த கதையைப் படித்துவிட்டு வருகிறவருக்கு, அந்தப் பற்று வரியில் இருக்கும் பயங்கரமான நகைச்சுவை காதில் விழும்.

முதலில் எழுதியதை முதலில் படி என்ற வாதத்தை இங்கே எதிர்கொள்ள வேண்டும். உலக அளவில் இதற்கு நல்ல உதாரணம் ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட். வேடிக்கை மாயக் கதை என்ற வகையிலேயே நாற்பத்தொரு ‘டிஸ்க்வேர்ல்ட்’ நாவல்கள் எழுதியவர். 1983இல் வந்த முதல் நாவல் ‘தி கலர் ஆஃப் மேஜிக்’, கடைசி நாவல் 2015இல் அவர் இறந்த பிறகு வந்தது. அவருடைய தீவிர வாசகர்களிலேயே பலர், புதியவரை முதல் நாவலில் இறக்கிவிடாதீர்கள் என்பார்கள். அந்த ஆரம்ப நாவல்கள் வேறு மாயக் கதைகளைக் கேலி செய்பவை. மூலத்தைப் படிக்காதவனுக்குக் கேலி புரியாது. ஆசிரியர் தமக்கென்று ஓர் உலகத்தையும் கோபத்தையும் கண்டுபிடித்தது பிறகுதான். நம்மவர் கதையும் கிட்டத்தட்ட இதுவே. ‘ஆற்றங்கரைப் பிள்ளையார்’ 1934இல் மணிக்கொடி இதழில் வந்தது. ஆற்றங்கரைப் பிள்ளையார் ஒருவரை வைத்துச் சமூகம் கட்டிக்கொண்ட அடுக்குகளைச் சொல்லும் உருவகக் கதை. புத்திசாலித்தனம் இருக்கிறது; ஆனால் அந்தப் பிள்ளையார் யாருடனும் காப்பி குடிக்க மாட்டார். ஒன்பது வருஷம் கழித்துக் கந்தசாமிப் பிள்ளையிடம் வந்த சிவபெருமானுக்கும் இவருக்கும் உள்ள தூரம்தான் ஓர் எழுத்தாளரின் வளர்ச்சி. அந்த வளர்ச்சியைப் பார்க்கக் கால வரிசைப் பதிப்பு இன்றியமையாதது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்து எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அறியாதவருக்கு வளர்ச்சி எப்படிக் கண்ணில் படும்? தவிர, தொகுப்புகளில் உள்ள சில கதைகள் மாப்பசானைத் தழுவியவை என்று பின்னால் தெரியவந்தது. முன்பின் அறியாத வாசகர் அவற்றில் ஒன்றில் தடுக்கி, இதுதான் புதுமைப்பித்தன் என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கால வரிசை இரண்டாம் வாசிப்புக்கு உரியது.

பிராட்செட்டின் வாசகனுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கேலி செய்யும் மூலம் எந்தத் தமிழருக்கும் அந்நியமானது அல்ல. சிவன் மதுரைக்கு வந்து பிட்டுக்காக மண் சுமந்து பிரம்படி பட்டதையும் விறகு விற்றதையும் சொல்லும் திருவிளையாடல் மரபு அது. புராணத்தைப் படிக்காதவர்கள்கூட 1965இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படத்தில் நாகேஷின் தருமியைப் பார்த்திருப்பார்கள். பரிசுப் பணத்துக்காகக் கோயிலில் புலம்பும் ஏழைப் புலவன் முன்னால் கடவுள் வந்து நிற்க, ஆசாமி யாரென்று தெரியாமல் இவன் குறுக்கு விசாரணை செய்வான். அந்தக் காட்சியை ரசிக்கத் தெரிந்தவருக்குப் புதுமைப்பித்தன் கதைக்கு முன்னுரை வேண்டியதில்லை. வித்தியாசம் எங்கே என்பதையும் அவரே கண்டுகொள்வார். திருவிளையாடலில் கடைசி வார்த்தை கடவுளுடையது. அடித்த அடி எல்லார் முதுகிலும் விழும், அரசன் தலை வணங்குவான். இங்கே கடவுள் தம் சொந்த நடனத்தையே கலைப் புரவலரான ஒரு திவான் பகதூர் முன்னால் ஆடிக் காட்டுகிறார். சாட்சாத் நடராஜரின் ஆட்டம் சாஸ்திரப்படி இல்லை என்று வெளியே அனுப்புகிறார்கள். வரம் கொடுக்கும் தகுதி தவிர வேறு தொழில் தெரியாதவராக அவர் நிற்கிறார். பிள்ளையோ வரமே வேண்டாம் என்று முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டவர். கடவுளை இல்லை என்று வாதிடுவதைக் காட்டிலும் விபரீதமான காரியம் இது. இருக்கட்டும், ஆனால் இந்த நகரத்தில் அவருக்கு என்ன உத்தியோகம் தருவது என்று கேட்கிறது கதை.

பக்தர்களுக்கு இது சங்கடமாக இருக்காதா என்று கேட்கலாம். நிந்தாஸ்துதி என்று ஒரு வகையையே வைத்துக்கொண்டு, காளமேகத்தின் வசவுகளைக் கோயில் பிராகாரத்தில் சொல்லிச் சிரித்த சமூகம் நம்முடையது. ஆனால் புதுமைப்பித்தனை அந்தக் கணக்கில் அடக்கிச் சமாதானம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. காளமேகத்தின் வசவுக்கு அடியில் துதி இருக்கும், இவரிடம் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இருப்பது வேறொன்று. பிள்ளையின் மகள் வள்ளி அந்த வீட்டு விருந்தாளியைத் தாத்தா என்கிறாள், அவருடன் விளையாடுகிறாள். கதையில் கடவுளிடம் எதுவும் கேட்காத ஒரே ஆள் அவள்தான். கணக்கு எழுதப்படாத ஒரே உறவும் அதுதான். வரவு எழுதி முடித்த பிறகும் கதையை மூடாமல், அந்தக் குழந்தை கேட்கும் ஒரு கேள்வியில் நிறுத்துகிறார் ஆசிரியர். இந்தப் பிரியம் அவரிடம் அபூர்வமாகத்தான் வெளியே தெரியும். அது இருக்கிறது என்பதை முதல் கதையிலேயே அறிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் ‘செல்லம்மாள்’ படிக்கும்போது அதன் மௌனத்தை வறட்சி என்று நினைத்துவிடுவோம்.

வலுவான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது. இப்படித் தொடங்கினால் புதுமைப்பித்தனை ஒரு கிண்டல் பேர்வழி என்று வாசகர் முத்திரை குத்திவிட மாட்டாரா? கனமான எழுத்தாளரைக் கனமான கதையில் சந்திப்பதுதானே மரியாதை? இதற்குத் தேதிகளே பதில் சொல்கின்றன. ‘காஞ்சனை’, ‘செல்லம்மாள்’, ‘சாபவிமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ நான்கும் 1943ஆம் ஆண்டில் கலைமகள் இதழில் வந்தவை. தாம் வேலை பார்த்த தினமணி நாளிதழை விட்டு அவர் வெளியேறியதும் அந்த ஆண்டில்தான். மனைவியின் பிணத்தோடு ஓரிரவைக் கழிக்கும் பிரமநாயகம் பிள்ளையையும், ராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்டு மீண்டும் கல்லாகும் அகலிகையையும், கடவுளிடம் சந்தா வசூலிக்கும் கந்தசாமிப் பிள்ளையையும் ஒரே மனம், ஒரே உச்சத்தில் நின்று எழுதியிருக்கிறது. இளமை விளையாட்டு என்றோ, இடைவேளைச் சிரிப்பு என்றோ இந்தக் கதையை ஒதுக்கி வைக்க வழியில்லை. அவர் தமது கவிதைகளுக்கு வைத்துக்கொண்ட புனைபெயரும் வேளூர் கந்தசாமிப் பிள்ளை என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

‘சாபவிமோசனம்’ முதல் கதையாக இருக்கலாகாது என்பதற்கு வேறு காரணம். அது ராமாயணத்தோடு மட்டும் பேசவில்லை, புதுமைப்பித்தனோடும் பேசுகிறது. 1934இலேயே ‘அகல்யை’ என்று ஒரு கதை எழுதி, கோதமரைப் பெருந்தன்மையானவராகக் காட்டியவர் அவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஆசிரமத்துக்குத் திரும்பிப் போய், மன்னிப்பு கிடைத்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று பார்க்கிறார். முந்தையதைப் படிக்காதவருக்குப் பிந்தையதின் பாதி வேகம் கிடைக்காது. ‘பொன்னகர’த்தின் சிக்கல் அதன் புகழ். முடிவு என்ன என்பது தெரிந்தே எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். மேலும் ‘பொன்னகர’மும் ‘துன்பக்கேணி’யும் 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன, ஒடுக்கப்பட்ட மக்களை அவை சித்திரிக்கும் விதம் பற்றி எழுந்த கேள்விகள்தான் காரணம். அந்தக் கேள்விகளைத் தள்ளிவிட முடியாது. கதையையே நீக்குவது அதற்கு விடை ஆகாது என்பது என் கட்சி. ஆனால் புதுமைப்பித்தனின் பார்வைக்கு எல்லை எது, அவருடைய பிள்ளைமார் உலகத்துக்கு வெளியே அவர் கண் எவ்வளவு தெளிவாகப் போகிறது என்றெல்லாம் வழக்காட, அவரை ஓரளவு படித்திருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே ஒருவரை நீதிமன்றத்தில் பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

பழைய சென்னை நமக்கெதற்கு என்பது இளைய வாசகரின் முறையீடு. டிராம் 1953இல் நின்றுபோயிற்று. திவான் பகதூர்களும் கைரிக்ஷாவும் இல்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்ற கணக்கையே சொல்லிக் கொடுக்க வேண்டும். அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், மீதியைக் கதையே பார்த்துக்கொள்ளும். பஸ்ஸா ஷேர் ஆட்டோவா, எதில் போனால் ஒரு டீக்கு மிஞ்சும் என்று ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கிறவர் கந்தசாமிப் பிள்ளையின் நேர் வாரிசு. இன்னொன்று, அந்தச் சென்னை நம் பகுதியை எட்டவில்லை என்று நினைக்க வேண்டாம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ‘சுப்பையா பிள்ளையின் காதல்கள்’ கதை முழுக்க அந்தத் தடத்தில்தான் நடக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த சுப்பையா பிள்ளை தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு தினமும் ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார். அதே வண்டியில் மருத்துவம் படிக்கும் ஒரு பெண் ஏறுகிறாள். நடப்பது ஒன்றுமில்லை, எல்லாம் பிள்ளையின் மண்டைக்குள் ஓடுகிறது. மாயமும் பேயும் கடவுளும் இல்லாத இந்தக் கதையை நான் மாயக் கதை வரிசையிலேயே சேர்ப்பேன். ஸீசன் டிக்கெட் வைத்திருக்கும் மனிதனுக்குக் கிடைக்கும் ஒரே தேவலோகம் ரயில் பெட்டிக்குள் பகல் கனவாக வருகிறது. அதையும் ஸ்டேஷன் வந்ததும் இறக்கிவிட வேண்டியிருக்கிறது. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற நம் ஊரைத் தாண்டாமல் அந்த வண்டி போயிருக்க முடியாது.

கந்தசாமிப் பிள்ளையை முடித்தவர், அடுத்து ‘காலனும் கிழவியும்’ படிக்கலாம். சிறிய கதை. எமன் தன் கடமையைச் செய்ய ஒரு கிழவியின் குடிசைக்கு வருகிறான். அவள் அவனை வந்த விருந்தாளி போல நடத்தி, உன்னால் எதைத்தான் எடுத்துப் போக முடியும் என்று வாயடைக்க வைக்கிறாள். பிராட்செட்டின் நாவல்களிலும் மரணம் ஒரு பாத்திரமாக வந்துகொண்டே இருக்கும். ‘மோர்ட்’ நாவலில் உதவிக்கு ஒரு பையனைக்கூட வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும். வேடிக்கை மாயக் கதை எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலும் சாவை வீட்டுக்கு அழைத்து உட்கார வைக்காமல் விடுவதில்லை போலும். பிறகு ‘வேதாளம் சொன்ன கதை’. நம்புகிறவர்கள் குறைந்துபோனதால் தள்ளாடும் வேதாளம் அது. வேலையில்லாத கடவுளைச் சந்தித்தவருக்கு இந்த வேதாளமும் தெரிந்த ஆசாமியாகவே இருக்கும். இந்த மூன்றோடு ‘மனித யந்திர’மும் சுப்பையா பிள்ளையும் சேர்ந்துவிட்டால், சிரிப்பு எங்கே தொண்டையில் சிக்குகிறது என்று காட்ட வழிகாட்டி தேவையில்லை. ‘செல்லம்மா’ளை அப்போது எடுக்கலாம், அதன் பிறகு அகலிகைக் கதைகள் இரண்டையும் எழுதப்பட்ட வரிசையில்.

‘காஞ்சனை’யைக் கடைசிக்கு ஒதுக்கச் சொல்வேன். அதன் தலைப்பே 1943இல் வந்த தொகுப்பின் தலைப்பாகவும் இருப்பதால் பலர் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அது பேய்க் கதை என்று தோன்றும். கதை சொல்கிறவர் ஓர் எழுத்தாளர். வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண் பேயா, அல்லது எல்லாமே அவருடைய கற்பனையா என்ற முடிச்சை அவிழ்க்காமலே விட்டுவிடுகிறார் புதுமைப்பித்தன். முன்பின் தெரியாத வாசகர் பயப்படுவார், அல்லது ஏமாற்றமடைவார். கடவுளை வரவு வைத்த கையையும் சுப்பையா பிள்ளையின் மண்டைக்குள் ஓடிய ரயிலையும் பார்த்துவிட்டு வருகிறவர் மட்டும், பேயைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அதைச் சொல்லும் ஆளைக் கவனிக்க ஆரம்பிப்பார்.